யூக்கா நுரை

சிரிலோ: ...சரியா ஞாபகம் இல்லீங்க. அந்த வாரத்துல ஒரு நாள். செவ்வாயோ புதனோ... மொதல்ல எந்தச் செடியில கட்டினேன்னு கேட்டா...

பெனித்தா: குனி.

சிரிலோ: ...கேட்டா, அதுவும் தெளிவா இல்ல. ஆனா கட்டினது நான்தான். அது மட்டும் நிச்சயம்.

பெனித்தா: யோவ், குனின்னா குனியணும். தண்ணி முதுகுல இறங்குது பார்.

சிரிலோ: மனப்பாடம் பண்றேன் புள்ள. நடுவுல இழுக்காத.

பெனித்தா: வாயால பண்ணு. கழுத்தை எதுக்கு விறைச்சு வெச்சிருக்க? நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். தலைவர் எலாடியோ முன்னாடி பிசுக்குத் தலையோட எழுந்து நிக்கப் போறியா? எங்க வீட்ல யாரும் தலை முழுகாம கூட்டத்துக்குப் போனதில்ல.

சிரிலோ: உங்க வீட்ல யாரும் கூட்டத்துல வாயைத் திறந்ததே இல்லையே.

பெனித்தா: சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கே முழுகினாங்கன்னா, நீ பேசப் போறவன், எவ்வளவு முழுகணும்! இன்னும் கிட்ட வா. பேசினுக்கு மேல.

சிரிலோ: முட்டி வலிக்குது.

பெனித்தா: வலிக்கட்டும். மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு. நான்தான் எலாடியோன்னு வெச்சுக்கோ... "சிரிலோ, கழுகு மேட்டுல இருந்த விதைக்குன்னு விட்டு வெச்ச பதினோரு தாய் யூக்காச் செடியையும் அடியோட வெட்டி லாரியில ஏத்திட்டாங்க. மூணு வாரம் ஆச்சு. வெட்ட வந்தவங்க வெளியூர்க்காரங்க. எதை வெட்டலாம், எதை விடணும்னு அடையாளம் வைக்கிறது ஊர் உனக்குக் கொடுத்த வேலை. என்ன சொல்ற?"

சிரிலோ: எலாடியோ இவ்வளவு நீளமாப் பேச மாட்டான்.

பெனித்தா: இன்னிக்குப் பேசுவார். சொல்லு.

சிரிலோ: ஆமாங்க தலைவரே. சிவப்பு நாடா கட்டின செடியை வெட்டணும்னு முடிவு. அந்தப் பதினொண்ணுலயும் சிவப்பு இருந்தது. வந்தவங்க வெட்டிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. தப்பாக் கட்டினது நான்.

பெனித்தா: "இருபது வருஷமா அந்த மலையில நடக்கறவன் நீ. தாய்ச் செடி எதுன்னு உனக்குத் தெரியாதா?"

சிரிலோ: ...வெயில்ங்க.

பெனித்தா: வெயிலா?

சிரிலோ: தலை சுத்திடுச்சு. கண்ணு இருட்டிடுச்சு.

பெனித்தா: பதினோரு தடவையா? ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு நின்னு இருட்டுச்சா?

சிரிலோ: நீ எலாடியோவா இரு. பெனித்தாவா ஆகாத.

பெனித்தா: சரி, சரி... எந்தக் கிழமைன்னு சொன்ன?

சிரிலோ: செவ்வாயோ புதனோ.

பெனித்தா: செவ்வாய்க்கிழமை விடியக்காலைல வெட்டியே முடிச்சுட்டாங்க. வெட்டின பிறகா போய் நாடா கட்டின? அடிக்கட்டைக்கு அலங்காரமா?

சிரிலோ: ...திங்கள்.

பெனித்தா: திங்கள் நீ மேற்குச் சரிவுல இருந்த. கூட நாலு பேர் இருந்தாங்க.

சிரிலோ: அப்போ ஞாயிறு.

பெனித்தா: ம். ஞாயிறு. அதை மறந்துடாத.

சிரிலோ: ஞாயிறுன்னு உனக்கு...

பெனித்தா: என்ன?

சிரிலோ: ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்து.

பெனித்தா: இன்னும் நுரையே போடல, அதுக்குள்ள தண்ணியா? கண்ணை மூடு. உள்ள போச்சுன்னா எரியும்.

சிரிலோ: ஆ... சில்லுனு இருக்கு.

பெனித்தா: நிழல்ல வெச்ச சாறு. அப்படித்தான் இருக்கும்... ஏய், ஆடாத.

சிரிலோ: என்னடி இது, இவ்வளவு நுரை! காதுக்குள்ள பூரா...

பெனித்தா: பழைய சாறு. அடியில தங்கின வண்டல்.

சிரிலோ: வண்டல் இப்படி நுரைக்காது.

பெனித்தா: சாறைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? உனக்குக் கோடாலி தெரியும்.

சிரிலோ: எனக்கா தெரியாது? நீ காய்ச்சற ஒவ்வொரு பானையும் மொதல்ல சோதனைக்கு என் முழங்கை மடிப்புலதான் விழுது. ஒரு தடவை ரொம்ப வத்த விட்டுட்ட. மூணு நாள் கையை மடக்க முடியல. குதிரைக்குச் சேணம் போட முடியாம நின்னேன்.

பெனித்தா: அதனாலதான் அதுல பாதித் தண்ணி சேர்த்தேன். இல்லேன்னா முகம் கழுவ வாங்கற டிஹுவானா நகரத்துக்காரிங்க கன்னமெல்லாம் தக்காளியா வீங்கியிருக்கும். உன் முழங்கைக்கு அவங்க கோயில் கட்டணும்.

சிரிலோ: நம்ம பாட்டிலை வாங்கற அந்த டிஹுவானாக் கடைக்கார அம்மா கேட்டுச்சே, எந்தத் தோல்ல சோதிச்சுப் பார்த்தீங்கன்னு...

பெனித்தா: என் வீட்டுக்காரர் தோல்லன்னு சொன்னேன். பாட்டிலைப் பார்த்துச்சு, உன்னைப் பார்த்துச்சு. நீ அன்னிக்குன்னு பார்த்து மூணு நாள் தாடியோட, முள் கீறின மூஞ்சியோட நிக்கற. பாட்டில் மேல என் வீட்டுக்காரர் படம் ஒட்டலாமான்னு கேட்டேன்.

சிரிலோ: சிரிக்கவே இல்ல அது.

பெனித்தா: சிரிச்சுது. கார்ல ஏறின பிறகு சிரிச்சுது, நான் பார்த்தேன். ஒட்டினது என்னவோ பதினாறு வயசுப் பொண்ணு படம். அந்தப் பொண்ணு ஜென்மத்துல யூக்காவைப் பார்த்திருக்க மாட்டா. முள் குத்தாத கன்னம்.

சிரிலோ: கடைசியா வந்தப்போ ஆறு பாட்டிலையும் வாங்கிட்டுப் போச்சா?

பெனித்தா: எந்த ஆறு?

சிரிலோ: பெரியவளோட சாறு. அந்தப் பதினொண்ணுலயே பெரிய செடி, அதோட அடித்துண்டை இடிச்சு எடுத்தியே, ஆறு பாட்டில்.

பெனித்தா: ...வெள்ளிக்கிழமை கார் வந்ததே. பார்க்கலியா?

சிரிலோ: ஆறுமா?

பெனித்தா: கண்ணுல இறங்குது, மூடுன்னா மூடேன்.

சிரிலோ: மூடிட்டேன்.

பெனித்தா: ...அந்தத் துண்டை நீ ஒண்ணும் சொல்லாம கொண்டாந்து அடுப்படி வாசல்ல போட்டுட்டுப் போன. லாரிக்காரன் விட்டுட்டுப் போனதுன்னுகூடச் சொல்லல. காலையில கதவைத் திறக்கறேன், பெரியவ படுத்திருக்கா. பொணம் மாதிரி.

சிரிலோ: என்ன சொல்றதுன்னு தெரியல.

பெனித்தா: அதை மலையிலேர்ந்து தோள்லயா தூக்கிட்டு வந்த?

சிரிலோ: குதிரை முன்னாடியே வீட்டுக்கு வந்துடுச்சு.

பெனித்தா: குதிரைக்குப் புத்தி இருக்கு... விடு. எலாடியோ காத்துக்கிட்டு இருக்கார். "சிரிலோ, யூக்கா வாங்கற கம்பெனி எஞ்சினியர் கொடுத்தது பிளாஸ்டிக் நாடா. அடிக்கட்டையில கிடந்தது துணி. துணி எப்படி வந்தது?"

சிரிலோ: நாடா தீர்ந்துபோச்சுங்க. துணியைக் கிழிச்சுக் கட்டினேன்.

பெனித்தா: "என்ன துணி?"

சிரிலோ: சட்டை. என் சட்டை.

பெனித்தா: உனக்குச் சிவப்புச் சட்டை எப்போய்யா இருந்தது?

சிரிலோ: தோபியாஸோடது. பந்து விளையாடுவானே, அந்தச் சட்டை.

பெனித்தா: உன் மகன் சட்டை பச்சை. அது இப்பவும் பெட்டிக்குள்ள இருக்கு. எலாடியோவோட மகனும் அதே பச்சைதான் போட்டான், ரெண்டு பேரும் ஒரே அணி. மொதக் கேள்வியிலயே மாட்டிப்ப.

சிரிலோ: அப்போ போர்வை.

பெனித்தா: பாவாடை. பூத் தையல் போட்ட பாவாடை. ஓரத்துல வெள்ளைப் பட்டி. அதை எல்லாரும் பார்த்திருக்காங்க, ஏழு வருஷம் திருவிழாவுக்குத் திருவிழா கட்டியிருக்கேன்... சரி, முடிச்சு எப்படி?

சிரிலோ: முடிச்சா?

பெனித்தா: "எப்படிக் கட்டின, சிரிலோ?"

சிரிலோ: ரெட்டை முடிச்சு. மாட்டுக்குப் போடற மாதிரி.

பெனித்தா: பூ முடிச்சு. ரெண்டு காது வெச்சு, தொங்க விட்டுக் கட்டினது. பொறந்த குழந்தை மணிக்கட்டுல கட்டற மாதிரி.

சிரிலோ: பெனித்தா.

பெனித்தா: ம்.

சிரிலோ: மூணு வாரமா நாம இதைப் பேசல.

பெனித்தா: நாம எதைத்தான் பேசினோம்?

சிரிலோ: நீ கட்டினதுன்னு எனக்குத் தெரியும். மொத அடிக்கட்டையைப் பார்த்ததுமே தெரியும். கத்தரிக்கோல் போன வழியைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாத்தையும் பொறுக்கி அடுப்புல போட்டேன்.

பெனித்தா: பத்தைத்தான் போட்ட. ஒண்ணை எலாடியோ எடுத்து வெச்சிருக்கார்.

சிரிலோ: ...அது உனக்கு எப்படித் தெரியும்?

பெனித்தா: ஊரே பேசுது. தலையைத் தூக்காத.

சிரிலோ: காலையில எங்க போன நீ?

பெனித்தா: ருஃபினா வீட்டுக்கு. ஓக் மரத்துக் கொட்டை இடிக்க. கஞ்சிக்கு.

சிரிலோ: நல்ல செருப்பு போட்டுக்கிட்டா?

பெனித்தா: பழசு அறுந்துபோச்சு.

சிரிலோ: எதுக்குடி கட்டின? நான் கேட்கவே இல்ல. இப்போ கேட்கறேன்.

பெனித்தா: ...அந்த எஞ்சினியர் பிப்ரவரி குளிர்ல வந்தார் பாரு. கையில அளவுகோல் வெச்சுக்கிட்டுப் பெரியவளைச் சுத்திச் சுத்தி வந்தார். உசரம் பார்த்தார், கட்டிப் பிடிச்சு சுத்தளவு பார்த்தார். "அடேயப்பா, இது ஒண்ணே எத்தனை கிலோ தேறும்"னார். அது பாராட்டு இல்ல சிரிலோ. கண்ணு. தோபியாஸ் பொறந்தப்போ உங்க அத்தை "என்ன கொழுகொழுன்னு"ன்னு சொல்லிட்டுப் போனாளே, அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வந்ததே... அப்போ என்ன பண்ணேன்?

சிரிலோ: சிவப்புக் கயிறு கட்டின.

பெனித்தா: பிழைச்சானா இல்லையா?

சிரிலோ: ஆஸ்பத்திரியில ஊசியும் போட்டாங்க.

பெனித்தா: பிழைச்சானா இல்லையா?

சிரிலோ: பிழைச்சான். இன்னும் லாரிக் கண்ணாடியில தொங்க விட்டிருக்கான் அந்தக் கயிறை.

பெனித்தா: அதான். சிவப்புன்னா தொடாதேன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சு அப்படித்தான். வெட்ட ஆள் வருதுன்னு கேள்விப்பட்டேன். பாவாடையை எடுத்தேன், பதினோரு பட்டியாக் கத்தரிச்சேன். ஒவ்வொருத்திக்கும் கட்டினேன். பெரியவளுக்கு மட்டும் தையல் பூ வந்த பகுதி. கட்டிட்டு நின்னு பார்த்தேன்... அவ்வளவு அழகா இருந்தாங்க. இனிமே யாரும் தொட மாட்டாங்கன்னு வந்து நிம்மதியாத் தூங்கினேன். ரெண்டு நாள் தூங்கினேன்.

சிரிலோ: தப்பு என் மேலதான் புள்ள.

பெனித்தா: மறுபடி ஆரம்பிச்சுட்டான்.

சிரிலோ: மனப்பாடம் இல்ல இது. நெஜமாச் சொல்றேன். பிப்ரவரி கூட்டத்துல எஞ்சினியர் எழுந்து சொன்னார், சிவப்பு கட்டினதை வெட்டணும்னு. எல்லாரும் கை தூக்கினோம். நீங்க பொம்பளைங்க பின்னாடி பீன்ஸ் வேக வெச்சுக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக்கு நடந்து வர்றப்போ நீ கேட்ட... உள்ள என்ன பேசினீங்கன்னு.

பெனித்தா: கேட்டேன்.

சிரிலோ: ஞாபகம் இருக்கா, நான் என்ன சொன்னேன்னு?

பெனித்தா: "ஒண்ணுமில்ல"ன்னு சொன்ன.

சிரிலோ: ஆமா.

பெனித்தா: நீ எப்பவுமே அதைத்தான் சொல்லுவ.

சிரிலோ: அந்த ஒரு வார்த்தைதான் பதினொண்ணையும் வெட்டுச்சு. கோடாலி அப்புறம்தான் வந்தது... இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? கூட்டத்துல எழுந்து, "நான் என் பொண்டாட்டிகிட்ட பேசலீங்க, அதான் செடி போச்சு"ன்னு சொன்னா சிரிப்பாங்க. அதனால நான்தான் கட்டினேன்னு சொல்லப் போறேன். ரெண்டும் ஒண்ணுதான்.

பெனித்தா: ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணுக்கு ஊர் சிரிக்கும். இன்னொண்ணுக்கு மூணு வருஷம் மலைப்பக்கம் கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லும். அடையாளம் வைக்கிற வேலை போகும், வெட்டற பங்கும் போகும். அப்புறம் என்ன பண்ணுவ?

சிரிலோ: மெக்சிகாலி பட்டணத்துக்குப் போவேன். தோபியாஸ்கூட லாரிக்கு மூட்டை ஏத்துவேன்.

பெனித்தா: இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?

சிரிலோ: இடுப்பு நல்லாத்தான் இருக்கு.

பெனித்தா: பேசின் மேல குனியச் சொன்னதுக்கே முட்டி வலிக்குதுன்ன.

சிரிலோ: இடுப்பு வேற, முட்டி வேற.

பெனித்தா: ரெண்டையும் கட்டி வெச்சிருக்கறது நான். ராத்திரி தேய்ச்சு விடறது யாரு? மெக்சிகாலியில மூட்டைதான் உனக்குத் தேய்ச்சு விடுமா?

சிரிலோ: நான்தான் கட்டினேன்னு நீ சொன்னா என்ன ஆகும்? யோசிச்சியா? மலையில பொம்பளைங்களுக்கு என்ன வேலைன்னு கம்பெனிக்காரன் ஏற்கெனவே முணுமுணுக்கறான். நீங்க சாறு காய்ச்சற பட்டறைக்கு யூக்கா எடுக்கற அனுமதியையே பிடுங்கிடுவான். நீ ஒருத்தி இல்ல. ருஃபினா, அவ மக, ஏமாவோட ரெண்டு தங்கச்சி, அந்தச் செவிட்டு அக்கா... உன்னோட சேர்த்து ஆறு பேர். முகம் கழுவுற சாறுலதான் ஆறு வீட்டு அடுப்பு எரியுது. ஒரு கிழவன் மலையேறலேன்னா யாருக்கு நஷ்டம்?

பெனித்தா: கிழவனுக்கு.

சிரிலோ: பழகிடுவேன்.

பெனித்தா: நீயா? மலையைப் பார்க்காம ஒரு ஞாயித்துக்கிழமை உக்கார முடியாது உன்னால. ஜன்னலைத் திறந்து, அதைப் பார்த்தாப்புல நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் காபியே குடிக்கற.

சிரிலோ: நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கறேன் இந்தப் பக்கம். உன்னைப் பார்த்தாப்புல.

பெனித்தா: ...வெக்கமா இல்ல, இந்த வயசுல?

சிரிலோ: கண்ணை மூடியிருக்கேன். கண்ணை மூடினா வெக்கம் தெரியல.

பெனித்தா: இந்தா, நுரையைத் துப்பு. வாயைத் திறந்து பேசினா உள்ளதான் போகும்.

சிரிலோ: கசப்பா இருக்கு.

பெனித்தா: நல்ல சாறு கசக்கும்... தினம் காலையில எங்க போற நீ?

சிரிலோ: எப்போ?

பெனித்தா: மூணு வாரமா. நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி.

சிரிலோ: சொன்னேனே. ஹாசிந்தோவோட ஆட்டு வேலி. கம்பி அறுந்துபோச்சு.

பெனித்தா: ஆட்டு வேலிக்குத் தண்ணி கேன் எதுக்கு? ரெண்டு கேன்?

சிரிலோ: குடிக்க.

பெனித்தா: பத்து லிட்டரா? நீயும் ஆடும் போட்டி போட்டுக் குடிச்சீங்களா? கால்சட்டையில முட்டிக்குக் கீழ ஊசி ஊசியா ஓட்டை. ஆட்டு வேலி அப்படிக் குத்தாது. ஹாசிந்தோ பொண்டாட்டி வந்து என்கிட்ட கேட்கறா, எங்க வேலியைக் கட்ட உங்க வீட்டுக்காரரை ஒரு நாள் அனுப்பு, ரொம்ப நாளா அறுந்து கிடக்குன்னு.

சிரிலோ: அவளுக்கு என்ன வாய்.

பெனித்தா: சொல்லு.

சிரிலோ: முழுசாத் தெரிஞ்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன்.

பெனித்தா: சிரிலோ...

சிரிலோ: வெட்டினவங்க அடி வரைக்கும்தான் வெட்டினாங்க. வேரைத் தொடல. அதுக்கு நேரமில்ல அவங்களுக்கு. மொத வாரம் போய்ப் பார்த்தேன், கருத்துக் கிடந்தது. மண்ணைக் கொஞ்சம் கிளறி, வெட்டின வாய்ல வெயில் படாம கல்லு அடுக்கினேன். தண்ணி ஊத்தினேன். பத்துல ஒண்ணும் தெரியல இன்னும். பெரியவகிட்ட மட்டும்...

பெனித்தா: மட்டும்?

சிரிலோ: முந்தாநாள் கல்லை நகத்தினேன். மூணு முளை. சுண்டு விரல் தடிமன். வெளுப்பா, மடிச்சு வெச்ச மாதிரி... பூனைக்குட்டி காது மாதிரி. ஏ புள்ள... கையை ஏன் நிறுத்திட்ட?

பெனித்தா: தேய்க்கறேன்... தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சிரிலோ: ஒரு சொட்டு சூடா விழுந்துச்சே கழுத்துல.

பெனித்தா: தண்ணி.

சிரிலோ: தண்ணி சில்லுனு இருந்தது.

பெனித்தா: வாயை மூடு.

சிரிலோ: தூக்கி உன்னைக் குதிரையில உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே. கூட்டம் முடியட்டும். அவங்க எனக்குத் தடை போடறதுக்கு முன்னாடி... இல்ல, இன்னிக்கே போகலாம். மணி என்ன? மூணுகூட ஆகல. போயிட்டு வந்துடலாம்.

பெனித்தா: நான் வர முடியாது.

சிரிலோ: ஏன்?

பெனித்தா: எனக்குத் தடை போட்டுட்டாங்க. ஒரு வருஷம்.

சிரிலோ: யாரு?

பெனித்தா: தலையைத் தூக்காதன்னேன்.

சிரிலோ: யாருடி?

பெனித்தா: காலையில எலாடியோ வீட்டுக்குப் போனேன். ஏழு மணிக்கு. நல்ல செருப்பு போட்டுக்கிட்டு. ருஃபினாவும் வந்தா, பட்டறையில அத்தனை பேரும் வந்தாங்க. நான் யாரையும் கூப்பிடல, ஒருத்திகிட்ட சொன்னேன், ஆறு பேரா நின்னோம். ஊர்ப் பெரியவங்க நாலு பேர் உக்காந்திருந்தாங்க. எலாடியோ அந்தத் துணியை மேசை மேல எடுத்து வெச்சார். "இது என் பாவாடை"ன்னேன். "தெரியும்மா. என் பொண்டாட்டி பார்த்ததுமே சொல்லிட்டா"ன்னார்.

சிரிலோ: மூணு வாரமாத் தெரியுமா அவனுக்கு?

பெனித்தா: மூணு வாரமா. யாராவது வந்து சொல்றாங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தாராம். உன்னை மாதிரி இன்னொரு ஊமை.

சிரிலோ: அப்போ நான்... ஒரு மணி நேரமா இங்க முட்டி போட்டுக்கிட்டு மனப்பாடம் பண்றேன். செவ்வாய், திங்கள், வெயில், பச்சைச் சட்டைன்னு கேட்டு என்னைப் பாடாப் படுத்தினியே. மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?

பெனித்தா: சொல்லலாம்னுதான் பேசினை எடுத்துட்டு வந்தேன். நீ பாட்டுக்குப் பேச ஆரம்பிச்ச. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நீ இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்ல. அதுவும் எனக்காக. நிறுத்த மனசு வரல.

சிரிலோ: பொய்தானே பூரா.

பெனித்தா: ஆமா. ஒண்ணுகூட ஒழுங்கான பொய் இல்ல. இருந்தாலும் கேட்க நல்லா இருந்தது.

சிரிலோ: ...ஒரு வருஷமா, உனக்கு.

பெனித்தா: ஒரு வருஷம்.

சிரிலோ: முளை ஒரு வருஷத்துல ஒரு சாண்கூட வராது. ஒண்ணும் இழக்க மாட்ட நீ. நான் தினம் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். எவ்வளவு உசரம், எத்தனை இலை, முயல் கடிச்சுதா, எல்லாம்.

பெனித்தா: நீயா? சொல்லுவியா?

சிரிலோ: சொல்றேன்.

பெனித்தா: "என்ன ஆச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லக் கூடாது.

சிரிலோ: சொல்ல மாட்டேன்... சரி, மிச்சத்தையும் சொல்லு. பட்டறை? எஞ்சினியர்? நாலு மணிக்கு நான் எழுந்து நின்னு என்ன பேசறது?

பெனித்தா: கூட்டத்துல நீ ஒண்ணும் பேச வேணாம். அது முடிஞ்ச பிறகுதான் உனக்கு வேலை. உள்ள என்ன முடிவானாலும் பின்பக்கம் வந்து, பீன்ஸ் பானைகிட்ட நின்னு, பொம்பளைங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சத்தமாச் சொல்லணும். செவிட்டு அக்காவுக்கும் கேட்கணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும். அதுதான் உனக்குத் தண்டனை. நான் கேட்டு வாங்கினது.

சிரிலோ: அடிப்பாவி!

பெனித்தா: அடையாளம் வைக்கிற வேலை உனக்கேதான். காலையில அங்க வந்த எஞ்சினியர் சிவப்பை விட்டுட்டார், நீல நாடா அனுப்பறேன்னு எழுதிக் கொடுத்துட்டார். பட்டறை மூடல, ருஃபினா நடத்துவா, நான் பானைகிட்ட உக்காந்து காய்ச்சுவேன். வெட்ட வந்தவங்க தெற்க வேற மலைக்குப் போயிட்டாங்க. அந்த அடித்துண்டைத் தவிர பதினொண்ணும் கம்பெனி ஆலைக்குப் போச்சு, எந்தெந்த ஊர்ல யார் யார் கன்னத்துல நுரைக்குதோ. டிஹுவானா அம்மா ஆறு பாட்டில் கேட்டுச்சு, அஞ்சுதான் கொடுத்தேன்.

சிரிலோ: அஞ்சா? அப்போ பெரியவளோட அந்த ஆறாவது...

பெனித்தா: உன் தலையில இருக்கு. கண்ணை மூடு, கடைசிக் குவளை ஊத்தறேன்.